பாண் வண்டிக்கு ஓடுகிறான், பெயருக்குத் திரும்புவதில்லை

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயதும் மூன்று மாதமும். உப்புவெளியில் மாமியோடு இருக்கிறோம். கணவர் கத்தாரில் வேலை செய்கிறார். மகன் ‘அம்மா’, ‘தா’, ‘பூ’ என்று ஆறேழு சொற்கள்தான் சொல்கிறான். ஆனால் ஆங்கில எழுத்துகளைக் கைத்தொலைபேசியில் கேட்டபடியே ஏ முதல் இசட் வரை ஒப்பிப்பான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. பாண் வண்டியின் பாட்டுக் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான். ஏதாவது வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவான். மச்சாளின் மகளோடு ஓடிப்பிடித்து விளையாடுவான், நன்றாகச் சிரிப்பான். ‘தகப்பனும் நாலு வயதில்தான் கதைத்தவன்’ என்கிறார் மாமி. முன்பள்ளி ஆசிரியை ஒருவர் ‘ஓட்டிசம் போல இருக்கிறது’ என்று சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நாக்குக் கட்டு என்கிறார் ஒருவர், தடுப்பூசி என்கிறார் இன்னொருவர். இது ஓட்டிசமா, வெறும் பேச்சுத் தாமதமா? கணவருக்கு எப்படிச் சொல்வது?

— ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

ஒரு கடிதத்தை வாசித்துவிட்டு ‘ஓட்டிசம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல என்னாலும் முடியாது, உங்கள் முன்பள்ளி ஆசிரியையாலும் முடியாது. அதற்காக அவரோடு கோபிக்க வேண்டாம். நாளெல்லாம் பிள்ளைகளோடு இருப்பவர். ஏதோ கண்ணில் பட்டிருக்கிறது. பெயர் வைத்ததில் அவசரப்பட்டுவிட்டார், கவனிக்கச் சொன்னதில் பிழையில்லை.

பேச்சு பிந்தியிருக்கிறது என்பதை மட்டும் கடிதத்தை வைத்தே உறுதியாகச் சொல்லலாம். இரண்டு வயது நிறையும்போது ஏறக்குறைய 50 சொற்கள் இருக்க வேண்டும். ‘அம்மா வா’, ‘பால் தா’ என்று இரண்டைச் சேர்த்துச் சொல்லவும் தொடங்கியிருக்க வேண்டும். 27 மாதத்தில் ஆறேழு சொல் என்பது எந்த வைத்தியர் பார்த்தாலும் தாமதம்தான். ஏ முதல் இசட் வரை ஒப்பிப்பது இந்தக் கணக்கில் சேராது. நாயைக் கண்டு ‘வவ்’ என்றால் அதைச் சேர்க்கலாம். அக்கம்பக்கத்தில் கேட்டுப் பழகிய சிங்களச் சொல்லால் தண்ணீர் கேட்டாலும் சேர்க்கலாம். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு கெட்டுப்போவதில்லை. தானாகவே, பொருள் தெரிந்து, ஒருவரிடம் சொல்கிறானா என்பதுதான் கேள்வி. அந்த எழுத்துகளை அவன் யாருக்குச் சொல்கிறான், உங்களுக்கா சுவருக்கா என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள்.

இதுவா அதுவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓட்டிசம் என்பது மூளையின் வளர்ச்சி வேறு விதமாக அமைந்து, பிறரோடு பழகுவதிலும் தொடர்பு கொள்வதிலும் வித்தியாசம் இருப்பது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குப் பேச்சும் பிந்துகிறது. சிலர் நேரத்துக்கே பேசுகிறார்கள், ஆனால் அந்தப் பேச்சில் கொடுக்கல் வாங்கல் இருப்பதில்லை. பேச்சுப் பிந்திய பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு ஓட்டிசம் கிடையாது. ஆகவே இந்த இரண்டையும் பிரித்தறியச் சொற்களை எண்ணிப் பயனில்லை. சொல் இல்லாத நேரத்தில் பிள்ளை என்ன செய்கிறான் என்பதில்தான் நான் கண் வைப்பேன்.

கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், பிரெட்றிக் கோட்டை வாசலைத் தாண்டினால் மான்கள் நிற்கும். அங்கே ஒரு பின்னேரம் அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றும் சொல்லாமல், கையை நீட்டாமல் பக்கத்தில் நில்லுங்கள். மானைக் கண்டதும் விரலை நீட்டுகிறானா? நீட்டிவிட்டுத் தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? பார்த்துவிட்டு மறுபடி மானிடம் போகிறதா அவன் கண்? மான் அவனுக்கு வேண்டியதில்லை; நீங்களும் பார்த்துவிட வேண்டும், அதுதான் அவன் அவசரம். பேச்சு மட்டும் பிந்திய பிள்ளை வாயில் ஒரு சொல் இல்லாமலே இதை நாள் முழுவதும் செய்துகொண்டிருக்கும். விமானத்தைக் காட்டும், காலில் பட்ட காயத்தைக் காட்டும், புதுச் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டிலுள்ள ஒவ்வொருவர் முகத்துக்கு நேரேயும் நீட்டும்.

ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கும் மான் பிடிக்கும். ஒருவேளை மற்றப் பிள்ளைகளைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த மகிழ்ச்சிக்குள் உங்களை இழுத்துக்கொள்வதுதான் அங்கே குறைவாக இருக்கும். பிஸ்கட் வேண்டும் என்று விரல் நீட்டுவது வேறு, ‘அதைப் பாரேன்’ என்று நீட்டுவது வேறு. இந்த இரண்டாவது வகை ஒரு வயதுக்குச் சற்று முன்பின்னாகத் தொடங்கி, ஒன்றரை வயதில் தாராளமாக வந்திருக்க வேண்டும். வராமலே இருந்தால் அது கனமான அறிகுறி. ஒருநாள் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. பசி, வெயில், நித்திரைக் கலக்கம் எல்லாம் உண்டு. நாலைந்து இடங்களில், நாலைந்து தடவை பாருங்கள்.

கையைப் பிடித்து இழுக்கிறான் என்று எழுதியதிலும் இதையே தேடுவேன். குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, உங்கள் முகத்தை அண்ணாந்து பார்த்துச் சிணுங்குகிறானா, அல்லது உங்கள் மணிக்கட்டைத் தூக்கிக் கதவின் கைப்பிடியில் வைத்துவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறானா? முதலாவதில் அவன் உங்களைக் கேட்கிறான். இரண்டாவதில் உங்கள் கை அவனுக்கு ஒரு சாவி. சாவியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை.

மச்சாளின் மகளோடு ஓடிப்பிடித்து விளையாடுவது நல்ல செய்தி. ஆனாலும் அதை மட்டும் வைத்து நிம்மதி அடைய வேண்டாம். ஓடுவதும் கிச்சுக்கிச்சு மூட்டுவதும் ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கும் மிகப் பிடித்தவை. அவர்கள் பாசமில்லாத பிள்ளைகள் அல்லர்; மடியில் வந்து படுப்பார்கள், முத்தம் கொடுப்பார்கள், கண்ணையும் பார்ப்பார்கள். ‘கண்ணைப் பார்க்கிறான், ஆகவே ஓட்டிசம் இல்லை’ என்று சொல்லிக் காலத்தைக் கடத்திய குடும்பங்களை அடிக்கடி காண்கிறேன். அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டால் அவன் என்ன செய்கிறான்? திரும்பி வந்து அவளைத் தொட்டு, முகம் பார்த்து, ‘இன்னும்’ என்கிற பாவனை காட்டுகிறானா? அவள் சிரட்டையில் மண் சோறு ஆக்கினால் பக்கத்தில் குந்தியிருந்து தானும் கிண்டுகிறானா, உங்களுக்கு ஒரு வாய் ஊட்ட வருகிறானா? செருப்பைக் காதில் வைத்து ‘அலோ’ என்கிறானா? இப்படி ஒன்றை இன்னொன்றாகப் பாவித்து விளையாடுவதும், பார்த்ததைப் பார்த்தபடி செய்து காட்டுவதும் பேச்சுக்கு முன்னாலும் பேச்சோடும் வருகிறவை. அவை இருந்தால் எனக்குப் பாதிக் கவலை குறைந்துவிடும்.

சோடா மூடிகளை வரிசையாக அடுக்குவது, மின்விசிறியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருப்பது, நுனிக்காலில் நடப்பது, கைகளை உதறுவது, வழக்கமான வழியை விட்டு வேறு ஒழுங்கையால் போனால் தெருவில் விழுந்து அழுவது, கோயிலில் மேளம் தொடங்கினால் காதைப் பொத்துவது, வெள்ளை நிறச் சாப்பாடு தவிர வேறொன்றையும் தொடாமல் இருப்பது — இவற்றைப் பற்றி ஊரெல்லாம் பேசுவார்கள். தனித்தனியே எடுத்தால் இவற்றில் ஒன்றுக்கும் பெரிய அர்த்தமில்லை; இரண்டு வயதில் எந்தப் பிள்ளையும் ஏதாவதொன்றைச் செய்யும். பல சேர்ந்து வந்து, மேலே சொன்ன ‘அதைப் பாரேன்’ இல்லாமலும் இருந்தால்தான் யோசிக்க வேண்டும். நீங்கள் இதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. இல்லாததால் எழுதவில்லையா, கேட்காததால் எழுதவில்லையா என்று தெரியாது. யோசித்துக் குறித்து வையுங்கள்.

இனிக் காது. எந்தப் பிள்ளைக்குப் பேச்சுப் பிந்தினாலும் முதல் வேலை காதைச் சோதிப்பதுதான். பாண் வண்டிக்கு ஓடுகிறவனுக்குக் காதில் என்ன குறை என்று மாமி கேட்பார். ஒலிபெருக்கிப் பாட்டு உரத்தது; நாள்தோறும் அதே மெட்டில் வருவது. அது கேட்டால் எல்லாம் கேட்கிறது என்று ஆகாது. ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகள் மட்டும் பிடிபடாத பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பேச்சு வெறும் முணுமுணுப்பாகத்தான் போய்ச் சேரும். அடிக்கடி தடிமன் பிடிக்கிற பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, சில கிழமைகளுக்குக் கேட்கும் திறன் மங்கிப்போவதும் உண்டு. பின்னால் நின்று தட்டில் கரண்டியால் அடித்துப் பார்ப்பது சோதனை ஆகாது; நிழலையும் அதிர்வையும் கண்டே பிள்ளை திரும்பிவிடும். நித்திரையில் இருக்கும் குழந்தைக்கே தலையில் மின்முனைகளை ஒட்டிக் கேட்கும் அளவைக் கண்டுபிடிக்கும் முறை இருக்கிறது. ‘இந்த வயதில் சோதிக்க முடியாது’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பிறந்தபோது செய்த சோதனை சரியாக இருந்தாலும் இப்போது மறுபடி செய்ய வேண்டும்.

காது சரி என்று வந்தால், பெயருக்குத் திரும்பாதது கவனிக்க வேண்டிய அறிகுறி ஆகிவிடும். முதலாவது பிறந்தநாள் அளவிலேயே பிள்ளைகள் பெயருக்குத் திரும்பிவிடுவார்கள். அதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் ஒரே பிள்ளைக்குத் தம்பி, ராசா, குட்டி, செல்லம் என்று ஐந்து பெயர். பதிவுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவன் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருப்பான். அதிகம் புழங்கும் பெயரைத் தெரிந்தெடுங்கள். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் இல்லாத நேரத்தில், பின்னால் நின்று, சாதாரணக் குரலில், ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள். பத்துத் தரம் கத்தி, தோளைத் தட்டி, அதன்பிறகு திரும்பியதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

அவனுக்கு விளங்குவது எவ்வளவு என்றும் பாருங்கள். கண்ணாலோ கையாலோ சாடை காட்டாமல் ‘செருப்பை எடுத்துக்கொண்டு வா’ என்று சொல்லுங்கள். கொண்டு வந்தால், சொல்வது உள்ளே போகிறது, வெளியே வரத்தான் பிந்துகிறது என்று கொள்ளலாம். உள்ளேயும் போகவில்லை என்றால் தாமதத்தின் ஆழம் வேறு.

மாமி சொன்னதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். பேச்சுப் பிந்துவது குடும்பங்களில் ஓடும். இரண்டு வயதில் பிந்திய பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. யார் எட்டிப் பிடிப்பார், யார் பிடிக்க மாட்டார் என்று முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் தெரியாது. தகப்பனுக்குப் பேச்சுப் பிந்தியது என்பது பொறுத்திருப்பதற்கான நியாயம் இல்லை. பிள்ளையை விரைவாகக் காட்டுவதற்கான நியாயம். ‘ஆண் பிள்ளைகள் சுணங்கித்தான் கதைப்பார்கள்’ என்பதும் இதே வகை. சிறிய வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது; 27 மாதத்தில் ஆறேழு சொல்லுக்கு அது சமாதானம் ஆகாது. ஓட்டிசம் ஆண் பிள்ளைகளிடமே அதிகம் கண்டறியப்படுகிறது என்பதை யாரும் அந்தப் பேச்சோடு சேர்த்துச் சொல்வதில்லை.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை: முன்பு சொன்ன சொற்களை இப்போது விட்டுவிட்டானா? ‘டாட்டா’ காட்டியவன் நிறுத்திவிட்டானா? ஆம் என்றால் மற்ற எதையும் பார்த்துக்கொண்டிராமல் இந்தக் கிழமையே சிறுபிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள்.

நாக்குக் கட்டு, அதாவது நாக்கின் அடியிலுள்ள சவ்வு குறுகி இறுகியிருப்பது, சில ஒலிகளின் உச்சரிப்பைக் கெடுக்கலாம். பேச்சே வராமல் செய்யாது, விரல் நீட்டுவதையும் தடுக்காது. வெட்டினால் பேச்சு கொட்டும் என்று சொல்பவரிடம் போக வேண்டாம். நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதும் வேண்டாம். தடுப்பூசியால் ஓட்டிசம் வருகிறது என்ற கதை, தட்டம்மை சேர்ந்த ஊசியைப் பற்றி 1998இல் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் இருந்து கிளம்பியது. 2010இல் அதை வெளியிட்ட சஞ்சிகையே விலக்கிக்கொண்டது. எழுதிய வைத்தியரின் பதிவும் பறிக்கப்பட்டது. உங்கள் மகனுக்கு மூன்று வயதில் தட்டம்மைக்கான அடுத்த ஊசி வரும். அதை விட்டுவிடாதீர்கள்.

கைத்தொலைபேசி ஓட்டிசத்தை உண்டாக்காது. ஆனால் ஒருவர் முகத்தைப் பார்த்துக் கதை கேட்க வேண்டிய நேரத்தை அது தின்றுவிடுகிறது. பேச்சைப் பிந்த வைப்பதில் அதற்குப் பங்கு இருக்கலாம். இரண்டு வயதுப் பிள்ளைக்குத் திரை ஒரு நாளுக்கு ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவுறுத்தியது. பேச்சே வராத பிள்ளைக்கு முழுதாக நிறுத்திப் பாருங்கள் என்பேன் நான். தகப்பனோடு பேசும் வீடியோ அழைப்பை இதில் சேர்க்க வேண்டாம்; அந்தப் பக்கம் பதில் சொல்லும் மனிதர் இருக்கிறார். தொலைபேசியை நிறுத்தியதும் சில பிள்ளைகள் மளமளவென்று தேறுவார்கள். அதைக் கண்டு ‘ஓட்டிசம் மாறிவிட்டது’ என்று காணொளி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் ஓட்டிசம் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை.

ஓட்டிசம் தாயின் வளர்ப்பால் வருகிறது என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு வைத்தியர்களே எழுதினார்கள். அது எப்போதோ கைவிடப்பட்ட கருத்து. கணவர் வெளிநாட்டில் இருப்பதாலும் வருவதில்லை. உங்கள் கடிதத்தில் கேட்கப்படாத கேள்வி இதுதான் என்று தோன்றியது.

எங்கே போவது? உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுபோங்கள். எடைக் கோடு வரைந்திருக்கும் அதே புத்தகத்தில் எந்த வயதில் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கமும் இருக்கிறது. பல வீடுகளில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டியதே இல்லை. அவர் மூலம் சுகாதார வைத்திய அதிகாரியிடமும், அங்கிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலையில் சிறுபிள்ளை வைத்திய நிபுணரிடமும் போங்கள். காதுச் சோதனைக்கும் பேச்சு, மொழிச் சிகிச்சைக்கும் அங்கேயே கடிதம் கேளுங்கள். மேலும் விரிவான மதிப்பீடு தேவை என்றால் நிபுணர் வெளியே அனுப்புவார். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்து ராகமையில் இயங்கும் ‘அயதி’ நிலையம் அப்படி ஓர் இடம். எடுத்த எடுப்பில் கொழும்புக்கு இரவு பஸ் ஏற வேண்டிய அவசியமில்லை.

‘எம்-சாட்’ என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உங்களிடம் நிரப்பச் சொல்லலாம். 16 முதல் 30 மாதம் வரையான பிள்ளைகளுக்கானது. உங்கள் மகன் அந்த எல்லைக்குள் இருக்கிறான். அது சல்லடை மட்டும்தான், முடிவு அல்ல. இலங்கையில் 18 முதல் 24 மாதப் பிள்ளைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வொன்று, ஏறக்குறைய 93 பேருக்கு ஒருவருக்கு ஓட்டிசம் இருப்பதாகக் கண்டது. அதே ஆய்வில் இந்தப் படிவத்தின் பழைய வடிவம் பல பிள்ளைகளைத் தவறவிட்டது. படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்று பிறகு இங்கேயே உருவாக்கப்பட்டது. படிவம் தவறவிட்டதற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ‘விரல் நீட்டிக் காட்டுவானா?’ என்று கேட்டால் பிஸ்கட்டை நினைத்துக்கொண்டு ‘ஓம்’ என்பார் தாய். கேள்வி கேட்டது மானைப் பற்றி. ஆகவே ஆம், இல்லை என்று மட்டும் சொல்லாமல் காணொளி எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக் அறையில் அரை மணித்தியாலம் அழுதுகொண்டே இருக்கும் பிள்ளையை வைத்து யாரும் சரியாகச் சொல்ல முடியாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஒன்று, கையை இழுத்துக்கொண்டு போவது ஒன்று, மச்சாளின் மகளோடு விளையாடுவது ஒன்று, தனியே இருப்பது ஒன்று. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் போதும்.

திகதி கிடைக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு நிலைக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பாயில் அவன் உயரத்துக்கு இறங்கி முகத்துக்கு நேரே இருங்கள். அவன் கார் உருட்டினால் நீங்களும் ஒன்றை உருட்டுங்கள். அவன் போடும் சத்தத்தைத் திருப்பிப் போடுங்கள். ‘இது என்ன? சொல்லு, சொல்லு’ என்று பரீட்சை வைக்காதீர்கள். பிஸ்கட்டை அவனால் திறக்க முடியாத, வெளியே தெரிகிற போத்தலில் போட்டு வையுங்கள். கையை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியதும் உடனே திறந்து கொடுக்காமல், போத்தலை உங்கள் முகத்தருகே பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஐந்து வரை எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு ‘ம்’, எது வந்தாலும் போதும். ‘திற’ என்று ஒரே சொல்லைச் சொல்லித் திறவுங்கள். ஊஞ்சலில் வைத்து ‘ஒன்று, இரண்டு’ என்று நிறுத்தி, ‘மூன்று’க்காக அவன் உங்களைப் பார்க்கும் வரை தள்ளாமல் இருங்கள். அழ வைக்கும் அளவுக்கு இழுக்க வேண்டாம். முன்பள்ளியில் சேர்ப்பது நல்லதுதான், ஆனால் அது சிகிச்சைக்கு ஈடாகாது.

கணவரிடம் அந்தப் பெயரை முதலில் சொல்லாதீர்கள். அது இன்னும் யாருக்கும் தெரியாத ஒன்று; தூர தேசத்தில் தனியே இருப்பவர் இரவெல்லாம் இணையத்தில் தேடிக்கொண்டிருப்பார். கண்டதைச் சொல்லுங்கள்: இத்தனை சொல் சொல்கிறான், பெயருக்குத் திரும்புவதில்லை, காது பார்க்கப் போகிறோம். எடுத்த காணொளிகளை அவருக்கும் அனுப்புங்கள். அழைப்பில் மகன் வரும்போது கேள்வியாகக் கேட்டுத் தள்ளாமல், அவன் காட்டுவதைப் பார்த்து ஒரு சொல் சொல்லச் சொல்லுங்கள். மாமியிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது: நாலு வயது வரை கதைக்காத அந்த மகன், வேண்டியதை எப்படிக் கேட்டான், மற்றப் பிள்ளைகளோடு எப்படி விளையாடினான்? வைத்தியர் அதைக் கட்டாயம் கேட்பார். கணவர் ‘பயப்படாதே, நானும் அப்படித்தான் இருந்தேன்’ என்று சொல்லக்கூடும். சரி என்று கேட்டுக்கொண்டு, கிளினிக் திகதியை மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள்.